தொலைநோக்கியின் அடிப்பெட்டி: தருமபுரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

தொலைநோக்கியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆடியைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஆடியைச் சுமக்கும் பெட்டியை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் மொட்டைமாடியில் நின்று சனியின் வளையத்தைப் பார்ப்பவருக்கு உண்மை தெரியும். விரலால் தட்டினால் மூன்று நொடி ஆடுகிற பெட்டியில் எப்பேர்ப்பட்ட ஆடியை வைத்தாலும் தெரிவது சனியல்ல, நடுக்கம். ஆகவே வானியலின் அடிப்படை அடிப்பெட்டியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தருமபுரி மாவட்டம் ஆய்வுக்களமானதற்கு ஊர்ப்பற்று காரணமில்லை; அட்சரேகை காரணம். அது பின்னால் வரும்.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழிகாட்டி கையெழுத்துப் போடமாட்டார். தரையில் மூன்று கால் வைத்த ஒரு பலகை. அதன் நடுவில் ஒரு போல்ட். அந்தப் போல்ட்டில் சுழலும்படி மேலே ஒரு மரப்பெட்டி. பெட்டியின் இரு பக்கப் பலகைகளிலும் பிறைபோல் வெட்டிய பள்ளம். தொலைநோக்கிக் குழாயின் இரு பக்கமும் பொருத்திய வட்டக் காதுகள் அந்தப் பள்ளங்களில் உட்காரும். பெட்டியைத் திருப்பினால் குழாய் இடவலமாகப் போகும், காதுகள் உருண்டால் மேலும் கீழுமாகப் போகும். வானத்தில் எந்த மூலையையும் பிடிக்க இந்த இரண்டு அசைவே போதும். கேழ்வரகு அரைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. திருகையின் அடிக்கல், முளை, மேல்கல் மூன்றையும் பலகையில் செய்து, மேல்கல்லின்மேல் ஒரு தொட்டியை ஏற்றினால் அடிப்பெட்டி தயார்.

தமிழ்நாட்டில் இத்துறையின் முதல் சான்று கல்லில் இருக்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வகத்தில், கருவியைத் தாங்குவதற்கென்றே ஒரு கருங்கல் தூணை நிறுத்தினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் விவரம் தெரியட்டும் என்று லத்தீன், தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் எழுதியும் வைத்தார்கள். வானியல் பணி 1899-இல் கொடைக்கானலுக்குக் குடிபோயிற்று. தூண்மேல் இருந்த கருவி எப்போதோ இறங்கிவிட்டது. தூண் மட்டும் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கருவி போனாலும் அடி நிற்கும் என்பதற்கு இதைவிடக் கனமான ஆதாரம் கிடைக்காது.

கல்லிலிருந்து மரத்துக்கு இறங்கிய கதை சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது. 1915-இல் பீகிங்கில் பிறந்த ஜான் டாப்சன், 1944-இல் அந்நகர வேதாந்த சங்கத்தின் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். துறவியின் கையில் காசு ஏது? கப்பல் சன்னலின் வட்டக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாய், பிளைவுட் துண்டு, பழைய கிராமபோன் தட்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தாங்கி செய்தார். தியானத்தில் இருக்க வேண்டிய பிரம்மச்சாரி தொலைநோக்கியைத் தெருவில் உருட்டிக்கொண்டுபோய் அக்கம்பக்கத்தாருக்கு நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தார். 1967-இல் மடம் அவரை வெளியே அனுப்பியது. மறு ஆண்டே தெருவோர வானியலாளர்களின் சங்கம் ஒன்று அந்நகரில் தோன்றியது. 2014-இல் அவர் இறந்தபோது, அவர் பெயரைத் தாங்கிய பெட்டிகள் உலகமெங்கும் மாடிகளில் இருந்தன. அவற்றுக்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை.

இங்கே ஒரு வம்சாவளிக் குறிப்பு. அந்த வேதாந்த சங்கத்தை 1900-இல் தொடங்கி வைத்தவர் விவேகானந்தர். 1893-இல் அவர் சிகாகோ போகப் பணம் திரட்டி அலைந்தவர் சென்னையின் அளசிங்கப் பெருமாள். ஆக, சென்னை இல்லையேல் சிகாகோ இல்லை. சிகாகோ இல்லையேல் மடம் இல்லை. மடம் இல்லையேல் பெட்டி இல்லை. இந்தத் தருக்கத்தில் ஓட்டை இருப்பதாக நினைப்பவர்கள் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

பெட்டியைக் கண்டுபிடித்த பெருமையை டாப்சனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது நமது ஆய்வுக்குச் சாதகம். இந்த மாதிரித் தாங்கியில் பீரங்கியை ஏற்றிப் பல நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்களே என்பார் அவர். உண்மைதான். பீரங்கிக் குழலின் இரு பக்கமும் துருத்தும் முளைகள் வண்டியின் பள்ளங்களில் உட்கார்ந்து மேலும் கீழும் சாயும். நமது குழாயின் காதுகளும் அதையே செய்கின்றன. அப்படியானால், ஹைதருக்கும் திப்புவுக்கும் கம்பெனிக்கும் நடுவே மிதிபட்ட பாராமகால் சீமை, அதாவது இன்றைய தருமபுரி வட்டாரம், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே டாப்சன் தாங்கிகளைக் கண்ணாரக் கண்டிருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்த ஆண்டு 1792. நுங்கம்பாக்கத்தில் கல்தூண் எழுந்ததும் அதே ஆண்டு. இதைத் தற்செயல் என்று எந்த ஆய்வாளரும் சொல்லமாட்டார். சொன்னால் ஓர் அத்தியாயம் குறைந்துவிடும்.

இனி அட்சரேகை. மாவட்டத்தின் அரூருக்கு வடகிழக்கே சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, குதிரைலாட வடிவத் தாங்கியில் நிற்கிறது. அதன் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையானது. ஊர் பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால் அந்த அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். அரசாங்கத்துக்கு அது கட்டுப்படியாகும். அதே ஏற்பாட்டைத் தருமபுரி மாடிக்குக் கொண்டுவர நினைப்பவர் படும் பாடு வேறு. குளிர்நாட்டு வானத்தை மனதில் வைத்துச் செய்த சாதனங்கள் பலவும் பன்னிரண்டு பாகைக்கு இறங்கவே மறுக்கும். இறங்கினாலும் எதிர் எடை முக்காலியின் காலில் போய் இடிக்கும். அச்சை நேர்செய்ய உதவ வேண்டிய துருவ நட்சத்திரமோ அடிவானத்துக்குப் பன்னிரண்டு பாகை மேலே, பக்கத்து வீட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் இருக்கும். மரப்பெட்டிக்குத் துருவ நட்சத்திரத்தின் தயவு வேண்டாம்.

வேண்டாம்தான், ஆனால் பெட்டிக்கும் ஒரு குருட்டு மூலை உண்டு. தலைக்கு நேர்மேலே வரும் பொருளைப் பின்தொடர்வது அதற்குக் கடினம். குழாய் செங்குத்தாக நிற்கும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளினால் பெட்டி சுழலாது. கைக்கு நெம்ப இடமே கிடைக்காது. மற்ற ஊர்களில் இது ஏட்டளவுச் சிக்கல். தருமபுரியிலோ அந்தக் குருட்டு மூலைக்கு ஒரு நட்சத்திரமே வந்து உட்காருகிறது: மகம். தருமபுரி நகரின் தலையுச்சியிலிருந்து அரைப் பாகைக்கும் குறைவான தூரத்தில் அது கடந்துபோகிறது. சித்திரை பிறக்கும் வாரத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் அது உச்சிக்கு வரும். உச்சிக்குக் கிழக்கே ஒரு பாகையிலிருந்து மேற்கே ஒரு பாகைக்குப் போக அது எடுத்துக்கொள்வது எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்துக்குள் பெட்டி ஏறக்குறைய 150 பாகை சுழன்றாக வேண்டும். பார்ப்பவரும் பெட்டியோடு சேர்ந்து பிரதட்சணம் வர வேண்டும். மகத்தில் பிறந்தவர்கள் ஜெகத்தை ஆளலாம். மகத்தைப் பார்க்கிறவர்கள் பெட்டியைத்தான் சுற்ற வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உத்தரகண்டின் தேவஸ்தலில் 2016-இல் திறக்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியும் இதே இரண்டு அசைவுத் தாங்கியில்தான் நிற்கிறது. அதற்கும் உச்சி ஆகாது.

கட்டுமானத்துக்கு வருவோம். டாப்சனின் அட்டைக் குழாய் இங்கே கிடைக்காது. ஆனால் போர் போடாத தெரு தருமபுரி மாவட்டத்தில் இல்லை என்பதால் கேசிங் பைப்புக்குப் பஞ்சமில்லை. ஆறு அங்குல ஆடிக்கு ஏழு அங்குல பைப் கனகச்சிதம். பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட். கடையில் வாங்கும் தொலைநோக்கிகள் பலவற்றோடு வருகிற மரத்தூள் பலகைப் பெட்டி ஒரு மழையில் நனைந்தால் ஊதிப்போகும், ஸ்க்ரூ பிடிக்காது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அளவு மாறாமல் பிளைவுட்டில் செய்து கொள்வதே இத்துறையில் பலரும் செய்யும் முதல் திருத்தம்.

வரைபடத்தை ஆசாரியிடம் நீட்டும் இடத்தில் கோட்பாடும் நடைமுறையும் மோதும். "காலு மூணுதானுங்களா? நாலா வெச்சுத் தரேங்க, கெட்டியா நிக்கும்" என்பார் அவர். "மூணே போதுங்கண்ணா, மேடு பள்ளமா இருந்தாலும் மூணும் தரையில உக்காரும்" என்று சொல்லிப் பார்க்கலாம். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்ற யூக்ளிட் காலத்து உண்மை அவருக்குப் புதிதல்ல. மூன்று கால் முக்காலியை அவர் நூறு செய்திருப்பார். நாற்காலி விலைக்கு முக்காலி கேட்கிறார்களே என்பதுதான் அவருடைய ஐயம்.

இனி ஆய்வின் மையம்: உராய்வு. புதிதாகப் பெட்டி செய்கிறவர்கள் உராய்வை எதிரியாக நினைத்துப் பலகைக்கு நடுவே பால் பேரிங் தட்டு ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். பெட்டி வழுக்கிக்கொண்டு சுற்றும். காற்றடித்தால் வியாழன் காணாமல் போகும், கண்ணை வைத்தால் இமை பட்டே நகரும். மறு கோடியில் மரத்தின்மேல் மரத்தை வைத்தால், தள்ளத் தள்ள அசையாமல் நின்றுவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் துள்ளும். நூறு மடங்கு பெரிதாக்கும்போது பார்வைக்குள் வருவது ஏறக்குறைய அரைப் பாகை வானம். பூமி சுற்றுவதால் ஒரு கோள் அதை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். நிமிடத்துக்கொரு முறை, மயிரிழை அளவுக்கு, துள்ளாமல் நகர்த்த வேண்டும். நகரத் தொடங்கத் தேவைப்படும் விசையும் நகர்ந்துகொண்டே இருக்கத் தேவைப்படும் விசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். டெப்லான் அந்தக் குணமுள்ள பொருள். 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது. ஒட்டாத தோசைக்கல்லின் மேல்பூச்சு. அதில் மூன்று சிறு துண்டுகளை அடிப்பலகையில் ஆணியடித்து, பெட்டியின் அடியில் சன்மைக்கா ஒட்டி மேலே வைத்தால் அசைவு வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். வழவழப்பான சன்மைக்காவைவிடப் பொரிப்பொரியாக இருப்பதே உத்தமம். மூன்று துண்டுகளும் மூன்று கால்களுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், இல்லையேல் பலகை வளையும். பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் இதே சரக்குதான் என்று கண்டுபிடித்து அதை ஒட்டிப் பார்க்கலாம். ஒரே இரவில் சுருண்டுவிடும்.

அப்படியும் இறுக்கமாக இருந்தால் எண்ணெய் கேனை வெட்டி வட்ட வில்லைகள் செய்து நடுப் போல்ட்டில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். எடையில் ஒரு பங்கை வில்லைகள் வாங்கிக்கொள்ளும், டெப்லானின் பாரம் குறையும். ஒரு வில்லை கூடினால் பெட்டி ஆடும், குறைந்தால் முரண்டு பிடிக்கும். கனமான கண்ணருகு வில்லையைப் புதிதாக வாங்கிப் பொருத்தினால் குழாயின் முன்பக்கம் தலைகவிழும்; அதற்கு அரைக் கிலோ எடைக்கல்லைப் பின்பக்கம் கட்டிச் சரிசெய்யலாம். எடைக்கல் வீட்டுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டால் காந்தம்.

பாதுகாப்பு குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சன்மைக்கா கட்சி ஒன்று, வார்னிஷ் கட்சி ஒன்று. கரையான் இரண்டு கட்சியையும் மதிப்பதில்லை. வெட்டிய பிளைவுட்டின் மூடாத ஓரம் எங்கே என்று தேடித்தான் அது வரும், அதுவும் அடிப்பலகையின் கீழ்ப்பக்கமாக. ஆகவே ஓரங்களுக்கு வார்னிஷ் இரண்டு கோட், கால்களுக்கு ரப்பர் குமிழ். பெட்டியைப் படிக்கட்டுக்கு அடியில் வைக்கிறவர்கள் அதன்மேல் வெங்காயக் கூடை வைக்கக் கூடாது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது.