பத்த வச்சா வாசிக்கணும்

இடம்: மல்லாங்கிணறு. பேசுகிறவர்கள்: பட்டாசுக் கடை அண்ணாச்சி, விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்த வயலின் டீச்சர். (பேத்தி அடுப்படியில் முறுக்குத் தின்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை.)

அண்ணாச்சி: வாங்க டீச்சரம்மா. பேத்தி மூணாங்கிளாசு. ஐப்பசியில புதுக்கடை திறப்பு விழா. அதுக்குள்ள கச்சேரி பண்ணுற மாதிரி ஆக்கி விட்டுருங்க.

டீச்சர்: இப்ப ஆவணி நடக்குது, அண்ணாச்சி.

அண்ணாச்சி: முழுசா ரெண்டு மாசம் கெடக்கே! நம்ம சரக்குத் திரியில நெருப்புப் பட்டா மூணு எண்ணுறதுக்குள்ள வெடிச்சிரும்.

டீச்சர்: இது வெடிக்காது. மொதல்ல சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம். வர்ணத்துக்கு வரவே வருசக்கணக்காகும். வீணையில 24 மெட்டு இருக்கு. விரல் எங்க வைக்கணும்னு அதுவே காட்டிரும். வயலின்ல மெட்டே கிடையாது. ஒரு நூல் தள்ளி வச்சாலும் அபஸ்வரம்தான்.

அண்ணாச்சி: மெட்டே இல்லையா? அப்ப கடைக்காரன் விலையில குறைச்சிருக்கணுமே! வளர்ற பிள்ளைன்னு பெரிய சைசா வேற வாங்கிட்டேன்.

டீச்சர்: எட்டு வயசுக்கு அரை சைஸ் போதும். பெருசு வாங்கினா விரல் எட்டாது. மடிச்சுத் தைக்கவா முடியும்?

அண்ணாச்சி: அது கெடக்கட்டும். குன்னக்குடி மாதிரி சினிமாப் பாட்டா வாசிக்க வைங்க. வளையப்பட்டி தவிலோட சேந்து என்னா போடு போட்டாரு! நெத்தி நிறையத் திருநீறு, அது நடுவுல குங்குமம்.

டீச்சர்: திருநீறை இன்னைக்கே பூசிரலாம். வாசிப்புக்கு அவரை அவங்க அப்பா ராமசாமி சாஸ்திரி சின்னப் பிள்ளையிலயே உக்கார வச்சுப் பழக்குனாரு. 12 வயசுல அரியக்குடிக்குப் பக்கவாத்தியம்.

அண்ணாச்சி: என்னதான் சொல்லுங்க, வெள்ளைக்காரன் வாத்தியம். நம்ம பக்கம் ஒட்டுமா?

டீச்சர்: நம்ம பக்கத்துலதான் ஒட்டுச்சு. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில ஒரு ஐரோப்பியர்கிட்டக் கத்துக்கிட்டு வந்து, எட்டயபுரம் அரண்மனையில வித்துவானா இருந்தாரு. அருப்புக்கோட்டை தாண்டிப் போனா எட்டயபுரம். வெள்ளைக்காரன் நின்னுக்கிட்டு, தாடைக்குக் கீழ இடுக்கி வாசிச்சான். நாம சம்மணம் போட்டு, சுருள் முனையை வலது கணுக்கால்ல ஊனி, நாலு கம்பியையும் ச-ப-ச-பன்னு சேத்துக்கிட்டோம். கழுத்துக்குப் பாரமில்ல, இடது கை மேலயும் கீழயும் தாராளமா வழுக்கி ஓடும். கமகத்துக்கு அதுதானே வேணும்?

அண்ணாச்சி: அப்ப அரண்மனை இருந்துச்சு, வித்துவானும் இருந்தாரு. இப்ப நம்ம பக்கத்துப் பொங்கலுக்கு யாரு வயலினைக் கூப்பிடுறா? கேரளாவுல இருந்து செண்டை மேளம்ல வருது!

(டீச்சர் பேசவில்லை. இந்தக் கேள்விக்கு எந்த இசைப் பள்ளியிலும் பாடம் கிடையாது.)

அண்ணாச்சி: சரி விடுங்க. ஆரம்பத்துல எப்படிக் கேக்கும்?

டீச்சர்: கீச்சுனு கேக்கும். குதிரை வால் முடிக்கு ரோசின் தடவிக் கம்பியில இழுக்குறது. கை நிதானப்படுற வரைக்கும் கத்தத்தான் செய்யும். அக்கம்பக்கத்துல முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

அண்ணாச்சி: தீபாவளிக்கு வெடி போடவே காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம்னு அரசாங்கம் கணக்கு வச்சிருக்கு. இதுக்கும் அப்படியே வச்சுக்குவமா?

டீச்சர்: தாராளமா வச்சுக்கலாம். என்ன, தினமும் வேணும்.