பயோடேட்டாவின் துகளியல்: பொட்டிபுரம் மலையடிவாரத்தை முன்வைத்து

மென்பொருள் நிறுவனங்களுக்கு அனுப்பப்படும் பயோடேட்டா கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு இல்லை. தொல்காப்பியர் இதைத் தொடவில்லை. இளம்பூரணரும் மௌனம். நச்சினார்க்கினியர் எதைப் பற்றியும் சும்மா இருக்கக்கூடியவர் அல்லர் என்பதால், அவருடைய மௌனம் தனி முனைவர் பட்டத்துக்கு உரியது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: தேனி மாவட்டம் பொட்டிபுரம் தொடங்கிப் போடிநாயக்கனூர் வரையுள்ள டீக்கடைகள். ஆய்வு நெறி: பார்த்தது, கேட்டது, கேட்டதாகச் சொல்லப்பட்டது.

களத் தேர்வுக்குக் காரணம் உண்டு. பொட்டிபுரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை, உள்ளே 50,000 டன் காந்த இரும்பு என்பது திட்டம். நியூட்ரினோ என்ற நுண்துகள் எதோடும் லேசில் ஒட்டாது. பூமியையே ஊடுருவிப் போய்விடும். கோடி கோடியாய்ப் போகிறதில் ஒன்றிரண்டாவது இரும்பில் முட்டாதா என்று காத்திருக்கத்தான் அவ்வளவு ஏற்பாடும்.

பயோடேட்டாவின் இலக்கணமும் இதுவே. போடியிலுள்ள அரசுப் பொறியியல் கல்லூரியை முடித்த ஒருவரின் பயோடேட்டா, நிறுவனத்தின் இணையப் பக்கம், ஹெச்ஆர், டீம் லீடு, மேனேஜர் என்று நான்கையும் ஊடுருவிச் செல்கிறது. எங்கும் முட்டிய தடயம் இல்லை (பெரியம்மா மகன், வாய்மொழி, அடுப்படிப் பாடம்). 1965இல் கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கத்தில் நியூட்ரினோவாவது சிக்கியது.

நியூட்ரினோ மூவகை. பயோடேட்டாவும் மூவகை: ரெஃபரல், அனுபவஸ்தர், ஃப்ரெஷர்.

ரெஃபரல்: முட்டும்.

அனுபவஸ்தர் தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடில் இருப்பவர். பழைய கம்பெனியில் இருக்கிறாரா புதியதில் இருக்கிறாரா என்பது அவருக்கும் தெரியாது.

ஃப்ரெஷரைத்தான் விரித்துரைக்க வேண்டும். நியூட்ரினோ போகிற வழியிலேயே வகை மாறும். இதை நிறுவியதற்காக ஜப்பானின் தக்காகி கஜிதாவுக்கும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் 2015இல் நோபல் கொடுத்தார்கள். வேளச்சேரியில் ரூம் எடுத்து வேலை தேடிய எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் இலவசமாகச் சொல்லியிருப்பான். போடியில் பஸ் ஏறும்போது பயோடேட்டா சுத்தமான ஃப்ரெஷர். திண்டுக்கல் தாண்டும்போது ஆறு மாத இன்டர்ன்ஷிப். தாம்பரத்தில் இறங்கும்போது ஒன்றரை வருடம். ஏதாவதொரு கன்சல்டன்சியின் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டால் மூன்று வருடம். கூடவே சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், போன் வந்தால் எடுத்து, “ஆமா சார், தம்பி இங்கதான் இருந்தாப்ல” என்று சொல்வதற்கு ஒரு அண்ணன். வகை மாறுகிறதென்றால் துகளுக்கு நிறை உண்டு என்பது இயற்பியலார் முடிபு. பயோடேட்டாவிலோ வருடம் ஏற ஏற நிறை குறைவதையே களத்தில் கண்டோம்.

மாற்றத்துக்குக் காரணம் என்ன? மூலபாடம் கிடைத்திருக்கிறது: “ஃப்ரெஷர்ஸ் வாக்-இன். குறைந்தது இரண்டு வருட அனுபவம் தேவை.” இதில் ‘ஃப்ரெஷர்ஸ்’ இடைச்செருகல் என்பர் ஒருசாரார். ‘இரண்டு வருட’ என்பதே ஏடெழுதியவர் பிழை என்பர் இன்னொரு சாரார் (பேருந்து நிலைய டீக்கடை, மேற்கு பெஞ்சு, காலை ஏழரைப் பதிப்பு, வடை தீர்ந்தபின் வெளிவந்த திருத்திய பதிப்பில் ஆசிரியர் தம் கருத்தை மறுத்துத் தாமே முன்னுரையும் எழுதியுள்ளார், அம்முன்னுரையின் பாதி, மடித்த பஜ்ஜிப் பேப்பரில் எண்ணெய்க்கு அடியில் கிடைக்கிறது). இருசாராரும் இதே பாடபேதத்தை வைத்து மூன்று கருத்தரங்குகளுக்குப் பயணப்படியோடு போய்வந்துவிட்டனர். வேலை கேட்ட பையன் இன்னும் கேட் அருகில்தான் நிற்கிறான்.

ஒப்பீட்டுக்காக, இதே மலைச்சரிவில் நடக்கும் வேறோர் ஆட்சேர்ப்பு. இருட்டு விலகுமுன் போடிமெட்டுக்கு ஜீப்புகள் கிளம்பும். தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்களிடம், “ஏறுங்கக்கா, நேரமாச்சு.” எழுத்துத் தேர்வு, குழு விவாதம், டெக்னிக்கல், ஹெச்ஆர் அனைத்தும் இதில் அடக்கம். 17 கொண்டை ஊசி வளைவும் இன்டக்‌ஷன். ஏலச்செடியின் தூரில் குனிந்து, விளைந்த காயை மட்டும் கிள்ளிப் பிஞ்சை விட்டுவைக்கத் தெரிகிறதா என்பது மத்தியானச் சோற்றுக்குள் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பில் அறுபது சதவீதம் உண்டா, அரியர் பாக்கி உண்டா என்று எந்தக் கங்காணியும் கேட்டதாகக் குறிப்பு இல்லை. (ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைப்பது என்பது தனி ஆய்வு, செக்போஸ்ட்காரர்கள் அதைத் தொடங்கி வெகுகாலம் ஆயிற்று.)

மென்பொருளிலும் இப்படி முடியாதா என்று நெறியாளர் கேட்கக்கூடும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, பட்டம் இல்லாத பிள்ளைகளையும் உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவித்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் பள்ளியை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்துகிறது. இத்தரவு நம் கோட்பாட்டோடு ஒத்துவரவில்லை. ஆகவே ஆய்வுலக மரபுப்படி இதை அடிக்குறிப்புக்குத் தள்ளியிருக்கிறோம். இக்கட்டுரையில் அடிக்குறிப்பு கிடையாது.

பொட்டிபுரம் திட்டத்தை அனுமதிக்க முடியாதென்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது. மலை இருந்தபடியே இருக்கிறது. 50,000 டன் இரும்பை இனி நம்பிப் பயனில்லை. எனவே ஹெச்ஆர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆள் வேண்டாமென்றால் ‘வேண்டாம்’ என்று ஒரு வரி மெயில் போடுங்கள். தாமதமாகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயிலே 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது.