கேள்வி உங்களுடையது, பதில் எங்களுடையது: திருவான்மியூர் வாசகர்களுக்கு

கேமிங் கம்ப்யூட்டருக்கு ஐ9 பிராசசர்தான் வேண்டும் என்கிறான் மகன். வாங்கலாமா?

கிராபிக்ஸ் கார்டு எதுவென்று கேட்டீர்களா? விளையாட்டில் படம் வரைவது அதுதான். ஐ9-14900கே முழு மூச்சில் 253 வாட் வரை இழுக்கும். ரைசன் 5 7600 பிராசசரோ வெறும் 65 வாட் ரகம். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரும் பெட்டியிலேயே வரும். மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

கூலர் சின்னதாக இருந்தால் பிராசசர் எரிந்துவிடுமா?

எரியாது. 100 டிகிரியை நெருங்கினால் ஐ9 தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காகக் கொடுத்த பணம்தான் எரியும்!

வாட்டர் கூலர் போட்டால் ஏசி தேவையில்லையே?

தண்ணீர் சூட்டைத் தின்பதில்லை, இடம் மாற்றுகிறது. ரேடியேட்டர் வழியாக அதே அறைக்குள். மே மாதத்தில் அறை 35 டிகிரி என்றால், அதற்குக் கீழே பிராசசரை இறக்க எந்த வாட்டர் கூலராலும் முடியாது.

ஜன்னலோரம் வைத்தால் கடற்காற்றே குளிர்விக்குமே?

காற்று இலவசம், கூட வரும் உப்பும் இலவசம். ஜன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள், விரலில் துரு ஒட்டும். மதர்போர்டுக்கும் அதே கதிதான். சுவரோரம், நாலு பக்கமும் இடைவெளி விட்டு வையுங்கள். தூசி வலையை அடிக்கடி கழுவுங்கள்.

கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறேன். ஒரே ஒரு யோசனை?

'கே' என்று முடியும் இன்டெல் பிராசசர் பெட்டியில் கூலர் இருக்காது. விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கள். கூலரின் உயரம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.