'டா' முதல் 'ங்க' வரை: ஹிந்து காலேஜ் ஸ்டேஷன் வட்டாரத்து விளிமரபு ஆராய்ச்சி

கூப்பிடுவதற்கென்றே தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் 'விளிமரபு' என்று தனி இயல் வகுத்திருக்கிறார். அருகில் இருப்பவரை அழைக்கையில் பெயர் இயல்பாக நிற்பதும், தொலைவில் இருப்பவரை அழைக்கையில் ஓசை அளவு மீறி நீள்வதும் அதில் பேசப்படுகின்றன. உரையாசிரியர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். பட்டாபிராமில் டிகிரி முடித்த நால்வர் இருபது வருஷம் கழித்து ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு மாதிரி நான்கு பேர், என்னையும் சேர்த்து. போதாது என்பவர்கள், நாற்பது வயதைத் தாண்டிய நாலு பேரை ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே டீக்கடைக்கு வரவழைத்துக் காட்டட்டும். பிறகு பேசலாம்.

ஆவடியை அடுத்த ஸ்டேஷனுக்குப் பெயரே ஹிந்து காலேஜ். 2004 வரை அந்த பிளாட்பாரத்தில் எங்கள் நால்வருக்கும் பெயர் கிடையாது. 'டேய்' என்று ஒரு குரல் கேட்டால் நாலு தலையும் திரும்பும். மூணு டீ வாங்கி நாலு கிளாஸில் ஊற்றிக் குடித்த காலம். வள்ளுவர் நட்புக்கு ஒதுக்கிய அதிகாரங்களில் 'பழைமை' என்று ஒன்று உண்டு. பழகிய நண்பன் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமைக்கு அவர் அங்கே வைத்த பெயர் கெழுதகைமை. பட்டாபிராமில் அதற்கு 'டா' என்று பெயர்.

பிறகு பிழைப்பு வந்தது. 'அ' அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் சேர்ந்து, இப்போது சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்கிறான். 'ஆ' பரீட்சை எழுதி ஆவடி டேங்க் ஃபேக்டரிக்குள் போனான். 'இ' பூந்தமல்லியில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போகிறான். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனாலும் ஒருவர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அடுத்தவர் வீட்டுக் காதுகுத்தில்தான் பார்க்கிறோம். மனித மூளை ஏறத்தாழ 150 பேருடன்தான் உறவைப் பேண முடியும் என்று ராபின் டன்பார் 1990-களில் ஒரு கணக்கு சொன்னார். பள்ளி வேன் டிரைவர், ஹோம் லோன் ஆள், அபார்ட்மெண்ட் செகரட்டரி என்று அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. நாங்கள் நின்றுகொண்டே பயணம் செய்கிறோம்.

'டா' ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் வந்தது பதுங்குநிலை. 'சாப்டியா' என்று கேட்கக் கூச்சம், 'சாப்டீங்களா' என்று கேட்க மனசு வரவில்லை. ஆகவே 'சாப்பாடு ஆச்சா?' வேலை எப்படிப் போகுது, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, இப்ப எந்தப் பக்கம் வாசம்? கேட்கப்படுகிறவரை முன்னிலையிலிருந்து நைசாக நகர்த்திவிட்டுப் பேசும் இக்கலையில் 'ஆ' வல்லவன். முழுசாக ஏழு நிமிஷம் என்னோடு போனில் பேசினான்; ஒரு இடத்தில்கூட நான் யார் என்று சிக்கவில்லை.

அதற்கடுத்தது 'ங்க'. 'இ'யின் மனைவி முன்னால் மரியாதைக்காகச் சொல்லத் தொடங்கினேன். அவர் உள்ளே காபி போடப் போன பிறகும் அது போகவில்லை. இங்கேதான் தொல்காப்பியர் ஜெயிக்கிறார். 'இருக்க' நாலு எழுத்து, 'இருக்கீங்க' ஆறு. 'சாப்டியா'வில் இருந்த குறில், 'சாப்டீங்களா'வில் நெடிலாகிவிடுகிறது. ஆள் தள்ளிப் போகப் போக ஓசை நீளும் என்பது இருபது வருஷத் தூரத்துக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் 'டா' எங்கே போனது? போன மாசம் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் டீக்கடையில் கூடியபோது விடை கிடைத்தது. 'அ' தன் மகனைக் கூட்டி வந்திருந்தான். "அங்கிளுக்கு வணக்கம் சொல்லுடா" என்றான். எனக்கு வரவேண்டியது, என் கண் முன்னாலேயே வாரிசுக்குப் போனது. நாலு டீ, நாலு கிளாஸ். ஒருத்தன் கிரியாட்டினின் அளவைச் சொன்னான், இன்னொருத்தன் நீட் கோச்சிங் ஃபீஸைச் சொன்னான். காசு கொடுக்க நாலு செல்போன் ஒரே க்யூஆர் அட்டையை நோக்கி நீண்டன. "நீங்க இருங்க, நான் தரேன்" என்றது எல்லா வாயும்.

வெளியே வந்து சி.டி.எச். ரோட்டைக் கடக்கும்போது எதையோ யோசித்துக்கொண்டு கால் வைத்துவிட்டேன்.

"டேய் லூசு, பஸ்ஸுடா!"

காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தவன் 'ஆ'. பஸ் போய்விட்டது. நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு 'ஆ' என் சட்டையைப் பார்த்து, "கிழிஞ்சிருச்சா?" என்றான்.

இவ்வினாவில் டாவும் இல்லை, ங்கவும் இல்லை. எந்த நிலையில் சேர்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. மேல் பட்டன் ஒன்று போனது மட்டும் உறுதி.