எம்பி3யும் ஒரு தனிப் பொட்டலமும்

இலவச மென்பொருள் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. அந்தப் பயத்தை ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டி போக்கியது. ஒலியைப் பதியலாம், வெட்டலாம், ஒட்டலாம், காசே வேண்டாம். எம்பி3யாகச் சேமிக்கப் போகும்போதுதான் முன்பெல்லாம் ஒரு பெட்டி பணிவாகத் தலைகாட்டும்: 'லேம்_என்க்.டிஎல்எல்' எங்கே வைத்திருக்கிறீர்கள்?

குறை சொல்ல ஒன்றுமில்லை. எம்பி3க்குக் காப்புரிமை இருந்தது. ஒலியை எம்பி3யாக மாற்றித் தரும் லேம் திட்டம் மூலநிரலை மட்டும் வெளியிட்டது, அது படிப்பதற்கு. இயங்கும் கோப்பாகக் கொடுத்தால் உரிமக் கட்டணம் வந்து நின்றிருக்கும். ஆகவே மென்பொருள் ஓரிடம், கோப்பு வேறிடம். கொடுப்பவர் சேர்த்துக் கொடுத்தால் வில்லங்கம். வாங்குபவர் வீட்டில் சேர்த்துக்கொண்டால் அவர் பாடு. எவ்வளவு நாகரிகம்! ஓட்டல்களும் இதைப் பின்பற்றலாம்: இட்லி இங்கே, சட்னி அடுத்த தெருவில். சட்னி 64 பிட்டாக இருந்துவிட்டால் 32 பிட் இட்லி தொட்டுக்கொள்ளாது, அவ்வளவுதான்.

இப்படி உடற்பயிற்சி கொடுத்துவந்த ஏற்பாட்டுக்கு 2017 ஏப்ரலில் கண் பட்டது. காப்புரிமைகள் காலாவதியாக, அவற்றில் பங்கு வைத்திருந்த ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் எம்பி3 உரிமத் திட்டம் முடிந்ததென அறிவித்தது. 2019-இல் ஆடாசிட்டி 2.3.2 லேமைக் கூடவே கொண்டுவந்துவிட்டது. பயனர்கள் வேலையற்றுப் போனார்கள்.

நல்லவேளை, ஃபிரான்ஹோஃபரின் அதே அறிவிப்பில் ஒரு யோசனையும் இருந்தது: எம்பி3யைவிட ஏஏசி என்ற ஒலிவடிவம் மேல். அதை உருவாக்கியதிலும் அவர்களுக்குப் பங்குண்டு, அதற்கும் உரிமக் கட்டணம் உண்டு. ஆடாசிட்டியில் ஏஏசியாகச் சேமிக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.