சிம்பன்ஸிக் காட்டுக்கு அம்மாவும் போனார்

கேள்வி: ஆப்பிரிக்காவுக்கு வனவிலங்கு ஆய்வுக்குப் போகிறவர் குடும்பத்தையும் கூட்டிப்போகலாமா? முதலில் எதை எடுத்துவைக்க வேண்டும்?

பதில்: தாராளமாக. முதலில் மலேரியா மாத்திரை, பிறகு பைனாகுலர்.

1960-இல் ஆப்பிரிக்காவில் அன்றைய டாங்கனிகாவின் கோம்பேக்குச் சிம்பன்ஸிகளை ஆராயக் கிளம்பிய ஜேன் குடாலுக்கு வயது 26. இளம்பெண்ணைத் தனியே காட்டுக்கு அனுப்ப ஆங்கிலேய அதிகாரிகள் சம்மதிக்கவில்லை. துணைக்குப் போனவர் வான் என்கிற அவருடைய அம்மா. அங்கே மலேரியா இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னதை நம்பி மருந்தில்லாமல் போனார்கள். இருவரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அதே அம்மாதான் அங்கிருந்த மீனவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டு ஒரு சிறு வைத்தியசாலையே நடத்தினார். ஊராரின் நட்பு மகளுக்குக் கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்படி ஓர் அம்மா வாய்த்தால் எந்த ஆய்வும் பாதி வெற்றி!

1967-இல் ஜேனுக்கு மகன் பிறந்தான். சிம்பன்ஸிகள் மனிதக் குழந்தையைத் தூக்கிப்போய்க் கொன்றதுண்டு. அதனால் கோம்பேயில் விலங்குகள் வெளியே, குழந்தை கூண்டுக்குள்!

இன்று குடும்பத்தோடு உகாண்டா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். 9 மாதம் நிறையாத குழந்தைக்கு வழக்கமாக அதைப் போடுவதில்லை. டிக்கெட் எடுக்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.