தளபதி ஆகப்போற பேராண்டிக்கு

பேனர்ல உம் பேருக்கு முன்னாடி "தளபதி"ன்னு போட்டிருக்கியாமே பேராண்டி, லட்சணமாத்தான் இருக்கு. கோஷ்டி ரெண்டா ஒடைஞ்சதும் ஆளுக்கொரு தளபதி வேணும்ல. ஆனா கெழவன் சொல்றதக் கேளு: தோக்கற பக்கமாப் பாத்து சேந்துக்க. புதுச்சேரியில தோத்தவனுக்குத்தான் வீதி, செலையெல்லாம்.

சிரிக்காத. அந்தக் காலத்துல ஆற்காட்டு நவாப் நாற்காலி ஒண்ணு, ஆளு ரெண்டு. சந்தா சாகிபு நம்ம பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸைப் புடிச்சாரு; முகமது அலி இங்கிலீஷ் கும்பெனியைப் புடிச்சாரு. 1749ல ஆம்பூர் சண்டையில முகமது அலியோட அப்பாரு அன்வருதீன் விழ, சந்தா சாகிபு நவாப்பு. 1751ல கிளைவு சுமார் 500 பேரோட ஆற்காட்டுக் கோட்டைக்குள்ள பூந்துக்கிட்டு, சந்தா சாகிபு மவன் சுத்தி வளைச்சும் 50 நாள் அசையல. மறுவருசம் ஸ்ரீரங்கத்துல பிரெஞ்சுத் தளபதி லா சரணடைஞ்சான். தஞ்சாவூர்ப் படைகிட்ட சிக்கின சந்தா சாகிபுக்குத் தலையே போச்சு. துய்ப்ளேக்ஸை 1754ல ஊருக்கு வரச்சொல்லிட்டாங்க. இப்ப கடற்கரை தெக்குக் கோடியில செலையா நிக்கிறாரு.

இதுல பிரெஞ்சுத் தளபதி லாலி கதை இருக்கே, அது தனி ருசி. 1758ல வந்து எறங்கினாரு. தஞ்சாவூர் ராசாகிட்ட பழைய பாக்கியக் கேட்டுப் படையோட போயி, பசியும் பட்டினியுமாத் திரும்பினாரு. மதராஸை வளைச்சாரு, அதுவும் கெடைக்கல. 1760 ஜனவரி 22, வந்தவாசி. எதிர்ல இங்கிலீஷ் தளபதி அயர் கூட். கூட் பொறந்தது அயர்லாந்து, லாலியோட அப்பனும் அயர்லாந்துக்காரன். அந்த ஊரு வரப்புத் தகராறுக்கு நம்ம பொட்டலா கெடைச்சுது? லாலி தோத்தாரு, அவரு கூட நின்ன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கைதி. மறுவருசம் இங்கிலீஷ்காரன் புதுச்சேரியவே இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டான். லாலியைப் பாரிசுல துரோகின்னு 1766ல தலைய வெட்டினாங்க. இப்ப அவரு பேர்ல ஒரு வீதி. புஸ்ஸி வீதிக்கு லால் பகதூர் சாஸ்திரி பேர வச்சும் ஆட்டோக்காரன் இன்னும் புஸ்ஸின்னுதான் சொல்றான். செயிச்ச கூட்டுக்கு இங்க ஒரு சந்து பேரு வச்சு நான் பாத்ததில்ல.

இதெல்லாம் கப்பல்ல வந்தவங்க கதை. உள்ளூர்த் தளபதி கதையும் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் கிட்ட வா. மருதநாயகம்னு சொல்றாங்களே, யூசுப்கான். கும்பெனிக்கும் முகமது அலிக்கும் ஊரு ஊரா அடக்கிக் குடுத்தான். பின்னால மதுரையில தனியா நின்னான். பிரெஞ்சுக்காரன் மர்சான் கூடவே இருந்து புடிச்சுக் குடுத்தான். யாருக்காகச் சண்டை போட்டானோ அதே நவாப்பு 1764ல தூக்குல ஏத்திட்டாரு. அந்த நவாப்பும் கடன்லதான் முழுகினாரு. 1801ல நாட்டையே கும்பெனி எழுதி வாங்கிடுச்சு.

துய்ப்ளேக்ஸ், லாலி காலத்துல வூட்ல உக்காந்து நாட்குறிப்பு எழுதிக்கிட்டிருந்தவரு பிரெஞ்சுக்காரங்களோட துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை. யாரு யாருகிட்ட என்னா வாங்கினாங்கன்னு அதுல இருக்கு. அவரு பேருக்கும் வீதி உண்டு, வூடும் நிக்குது.

உனக்கும் ஒரு நோட்டு வாங்கி வச்சிருக்கேன். அந்த பேனருக்குக் காசு யாரு குடுத்தாங்கன்னு மொதப் பக்கத்துல எழுது.